ஹவில்தார் விட்டுவைத்த நடுவயல்

"எல்லப்பன் செத்துப்போற இடத்துல எனக்கு வடை ஞாபகம் வந்துருச்சும்மா" என்றார் ஹவில்தார் தீர்த்தகிரி.

கெம்பம்மா ஓர் ஆட்டின் காலைத் தூக்கிப் பிடித்து முள் எடுத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"என்னா வடை?"

"மசால் வடை. அதுவா முக்கியம்?"

"நீங்கதானே வடைன்னீங்க."

தீர்த்தகிரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யோசனை கேட்க வந்த இடமாச்சே என்று அடக்கிக்கொண்டார்.

"மாரியம்மன் பண்டிகையில கதை சொன்னேன். பனிமலை மேல எல்லப்பன், அடிபட்ட ஒருத்தனை முதுகுல தூக்கிக்கிட்டு வர்றான். குண்டு படுது. 'தீர்த்தா, இவனைப் புடிச்சுக்கடா'ங்கிறான். சாயறான். அவ்வளவுதான், போயிட்டான். ஊரே அழுவுது. பூசாரி அழுவுறாரு. பம்பைக்காரரு பம்பையைக் கீழ வெச்சுட்டு அழுவுறாரு. எனக்கு மட்டும், டீக்கடையில வடை தீர்ந்துபோயிருமோன்னு இருக்குது."

முள் வந்துவிட்டது. கெம்பம்மா அதை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் தூர எறிந்தாள்.

"தீர்ந்துபோச்சா?"

"என்னது?"

"வடை."

"தீர்ந்துபோச்சு."

"அடப் பாவமே" என்றாள் அவள். நிஜமாகவே வருத்தப்பட்ட மாதிரிதான் இருந்தது.

தீர்த்தகிரி தரையில் உட்கார்ந்துவிட்டார். குரல் இறங்கிவிட்டது.

"அதுகூடப் போவுதும்மா. அன்னைக்கு கண்ணை மூடி அவன் முகத்தைக் கொண்டாந்து பார்க்கலாம்னு பார்த்தேன். வரலை. கதை வருது, ஒரு வார்த்தை பிசகாம வருது. அவன் வரலை. ஒரே தட்டுல தின்னவன். அவனை எங்கியோ தொலைச்சுட்டேன். எங்கன்னு தெரியலை. எனக்கு பயமா இருக்குதும்மா."

கெம்பம்மா முதல்முறையாக அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஆடு மேய்ச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப சரி. இருங்க."

*

கெம்பம்மா சாமியாரம்மா இல்லை. யாராவது அப்படிச் சொன்னால் கெட்ட வார்த்தையில் திட்டுவாள். திட்டத் திட்ட ஜனங்களுக்கு நம்பிக்கை கூடியதுதான் மிச்சம்.

அவள் ஆட்டுக்காரி. அறுப்பு முடிந்த காடுகளில் ஆட்டுப்பட்டி போடுவது அவள் பிழைப்பு. மூங்கில் படல்களை வட்டமாகக் கட்டி, அதற்குள் மந்தையை அடைத்துப் படுக்கவைப்பாள். காலையில் அந்த இடம் பூராவும் எரு. மறுநாள் படலைப் பிடுங்கி அடுத்த இடம். இப்படி வயல் முழுக்க ஒரு சுற்று நகர்ந்து முடித்ததும், அடுத்த வயல், அடுத்த ஊர். வயசு நாற்பதைத் தாண்டியிருக்காது. தீர்த்தகிரிக்கு மகளாக இருக்கலாம். அதைப் பற்றி இரண்டு பேருமே கவலைப்படவில்லை.

ஒரு தடவை அண்ணன் தம்பி இரண்டு பேர் வரப்புத் தகராறோடு வந்தார்கள். "வரப்பு மேலயே பட்டி போடறேன்" என்றாள். போட்டாள். விடிந்து பார்த்தால் ஆடுகள் மிதித்த மிதியில் வரப்பு எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அண்ணனும் தம்பியும் சண்டை போட்டார்கள்தான். ஆனால் இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்து, கெம்பம்மாவோடு.

அந்த மாதிரி ஆள்.

தீர்த்தகிரி எந்த மாதிரி ஆள் என்றும் சொல்லிவிட வேண்டும். பட்டாளத்திலிருந்து வந்த பிறகு அந்த மனுஷன் ஒரு ஊரில் தங்கியதில்லை. தோளில் ஒரு பச்சைப் பை, காலில் பழைய பூட்ஸ். எங்கே பண்டிகையோ அங்கே போவார். பண்டிகை இல்லாவிட்டால் டீக்கடை, அதுவும் இல்லாவிட்டால் சலூன். பாதிச் சவரத்தில் இருப்பவன் எழுந்து ஓட முடியாது, அதனால் சலூன் நல்ல இடம் என்பார். கதை சொல்வார். சோறு போடுவார்கள். மறுநாள் வேறு ஊர்.

கதையில் பனி முதலில் முழங்கால் ஆழம்தான் இருந்தது. வருஷம் போகப் போக இடுப்புக்கு வந்து, இப்போது கழுத்துவரைக்கும் வந்துவிட்டது. கேட்பவர்களும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. பனியைப் பார்த்தவன் அந்த ஜில்லாவில் எத்தனை பேர் இருக்கப் போகிறான்!

ஒன்று மட்டும் அவர் மாற்றியதே இல்லை. எல்லப்பன் சாயும்போது சொன்ன வார்த்தை. அதில் ஓர் எழுத்தைக்கூட அவர் தொட்டதில்லை.

*

"பட்டியில இருக்கறவரைக்கும் மனுசங்ககிட்ட கதை சொல்லக் கூடாது" என்றாள் கெம்பம்மா.

"அப்புறம் யார்கிட்ட சொல்றது?"

அவள் மோவாயால் மந்தையைக் காட்டினாள்.

தீர்த்தகிரி ஆட்டிடம் சொன்னார். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே சொன்னார். வேலாமர நிழலில் நின்று, கையை ஆட்டி, குண்டுச் சத்தமெல்லாம் வாயால் கொடுத்துச் சொன்னார். ஆடுகள் அசைபோட்டன. எல்லப்பன் சாய்கிற இடம் வந்ததும் ஒரு கிழட்டுப் பெண்ணாடு எழுந்து, உடம்பை உதறிவிட்டு, வேறு பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது.

"என்னா மரியாதை கெட்ட ஆடும்மா உங்க ஆடு!"

"பொய்யா அழத் தெரியாது, அதுக்கு."

"ஊரெல்லாம் அழுததே, அதெல்லாம் பொய்யா?"

"நான் ஊரைச் சொல்லலையே."

தீர்த்தகிரி அன்று சாயங்காலம்வரை அவளோடு பேசவில்லை. அப்புறம் களி வேகிற வாசனை வந்தது. பேசிவிட்டார்.

நாளாக நாளாக ஹவில்தாருக்குப் பட்டி பிடித்துப்போயிற்று. மணி கட்டின கிடாவுக்கு சுபேதார் என்று பேர் வைத்தார். காலையில் மந்தையை வெளியே ஓட்டுமுன் வரிசை பார்த்தார். ஆடுகளா வரிசையில் நிற்கும்? ஆனாலும் தினமும் பார்த்தார். படல் கட்டுகிற வேலையைப் பட்டாளத்துக் கூடாரம் அடிப்பதுபோல் அடித்து நொறுக்கினார். மற்ற ஆட்கள் கட்டினால் வெற்றிலை மாதிரி எங்காவது கோணிக்கொண்டு நிற்கும். இவர் கட்டினால் காசு வட்டம்.

"பரவால்லையே மிலிட்டரி" என்று கெம்பம்மாவே சொன்னாள்.

ஒரு நாள் பால் கறந்துகொண்டே அவள் கேட்டாள்.

"அந்த எல்லப்பனுக்குப் பொஞ்சாதி இருக்குதா?"

"இருக்குது. சாலம்மான்னு பேரு. கல்லாத்துப்பட்டி."

"கல்லாத்துப்பட்டியா? மலைக்கு அந்தப் பக்கம்தானே. போயிருக்கீங்களா?"

தீர்த்தகிரி விறைத்துப்போனார்.

"அதெப்பிடிம்மா போறது? வீரனோட சம்சாரம். நாட்டுக்காக உசுரு குடுத்தவன் ஊடு அது. அங்க போய் என்னைமாதிரி ஆளு எப்பிடி நிக்கறது, எங்க உக்கார்றது, என்னத்தப் பேசறது? மரியாதைன்னு ஒண்ணு இருக்குதில்ல. கல்லாத்துப்பட்டி பஸ்ஸு எதுத்தாப்புல வந்தாக்கூட நான் எழுந்து நின்னு சல்யூட் அடிச்சிருவேன்."

"பஸ்ஸுக்கு?"

"பஸ்ஸுக்குத்தான்."

"டிரைவர் ஒண்ணும் கேக்கலையா?"

"அவரும் திருப்பி அடிப்பாரு."

கெம்பம்மா சிரித்த சிரிப்பில் ஆடு பாலை உதைத்துத் தள்ளிவிட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் சிரித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

நஞ்சப்பன் காட்டில் பட்டி போட வேண்டி வந்தது. நிலக்கடலை பிடுங்கின காடு. கெம்பம்மாவின் அக்கா மகளுக்குச் சீர். அதற்கு அவள் போயாக வேண்டும்.

"நஞ்சப்பன் காடு உங்க பொறுப்பு. நான் வர்றதுக்குள்ள காடு பூரா எரு விழுந்திருக்கணும்."

"விழுந்திருக்கும்" என்று சொல்லி தீர்த்தகிரி குதிகாலைச் சேர்த்து நின்றார்.

அந்தக் காட்டின் நடுவில் ஒரு கல் நின்றது. ஆள் உயரம் இருக்காது, இடுப்புயரம். அதில் ஒரு வீரன் வில்லை வளைத்துக்கொண்டு நின்றான். சண்டையில் செத்தவனுக்கு அந்தக் காலத்தில் நட்ட கல். அந்தப் பக்கத்தில் காட்டுக்கு ஒன்று இருக்கும். வேடியப்பன் என்று கும்பிடுவார்கள்.

தீர்த்தகிரி தூரத்திலிருந்தே அதைப் பார்த்தார். பார்த்த இடத்திலேயே நின்றார். சல்யூட் அடித்தார்.

அப்புறம் வேலை நடந்தது. கிழக்கு ஓரம், தெற்கு ஓரம், மேற்கு ஓரம், வடக்கு ஓரம். தினம் ஓர் இடமாகப் படல் நகர்ந்தது. கல்லைச் சுற்றி மட்டும் பெரிய வட்டமாக விட்டுவிட்டார். சும்மா இல்லை, ஒரு மாட்டுவண்டி திரும்புகிற அளவுக்கு. ஆடு எதுவும் அந்தப் பக்கம் போய்விடாமல் இருக்க முள் வெட்டிப் போட்டார். காலையில் ஒரு சல்யூட், சாயங்காலம் ஒரு சல்யூட்.

சுபேதார் கிடா ஒரு நாள் முள்ளைத் தாண்டி உள்ளே போய்விட்டது. கல்லில் கொம்பைத் தேய்த்துக்கொண்டு நின்றது. தீர்த்தகிரிக்கு வந்த ஆத்திரத்தைப் பார்க்க வேண்டும்!

"டேய், யாரு மேல உரசற? உன் தரம் என்னா, அவர் தரம் என்னா?"

கிடாவின் பதவியை அன்றே பறித்துவிட்டார். மறுநாள் திருப்பிக் கொடுத்தார். வேறு கிடாவுக்கு அந்த மணி சேரவில்லை.

*

கெம்பம்மா சீர் முடிந்து வந்தபோது காட்டு முனையில் நஞ்சப்பன் குதித்துக்கொண்டிருந்தார்.

"என்னா வேலை இது? சுத்தி மாலை போட்டாப்புல எருவு. நடுவுல ஒரு புழுக்கை கிடையாது! நாளைக்கு விதைச்சா ஓரமெல்லாம் பச்சையா நிக்கும், நடுக்காடு வழுக்கைத் தலையா நிக்கும். ஊரே வந்து சிரிக்கும். எவன் போட்டான் இந்தப் பட்டி?"

"நான்தான்" என்றார் தீர்த்தகிரி. ஒளிக்கிற ஆள் இல்லை அவர்.

"ஏன்யா நடுவுல விட்ட?"

"அங்க ஒரு வீரன் நிக்கறாரு. உயிரைக் குடுத்தவரு. அவரு மேல ஆடு மூத்திரம் போனா அடுக்குமா? எனக்குச் சம்மதமில்லை. நீங்களே சொல்லுங்கம்மா."

நஞ்சப்பன் கெம்பம்மாவைப் பார்த்தார். கெம்பம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"சிரிக்காதீங்கம்மா. இது சிரிக்கிற சமாச்சாரம் இல்லை."

"சரி, சிரிக்கலை. வாங்க."

முள்ளைக் காலால் தள்ளிவிட்டு உள்ளே போனாள். தீர்த்தகிரி வட்டத்தின் ஓரத்திலேயே நின்றுவிட்டார்.

"வாங்கன்னா!"

"இங்கிருந்தே..."

"அங்கிருந்து என்னா தெரியும் உங்களுக்கு? கிட்ட வாங்க."

பூட்ஸைக் கழற்றிவிட்டுப் போனார். கல்லின் அடிப்பகுதி புற்றுமண்ணும் காய்ந்த புல்லுமாக மூடிக் கிடந்தது. கெம்பம்மா கையால் தள்ளினாள். பாதி தள்ளிவிட்டு, மீதியை அவருக்கு விட்டாள்.

தீர்த்தகிரி குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணைத் தட்டினார். வீரனின் காலடியில் என்னவோ செதுக்கியிருந்தது. துண்டால் துடைத்தார். சின்னச் சின்னதாக இருந்தது. ஒன்றின் பின்னால் ஒன்று.

"என்னா அது?" என்றாள்.

"மாடு."

"எத்தினி?"

"நிறைய இருக்குது. மந்தை."

"மந்தை என்னாத்துக்கு அங்க நிக்குது?"

தீர்த்தகிரி இன்னும் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். நஞ்சப்பன் சொன்னார். அவருக்குப் பொறுக்கவில்லை.

"யோவ், இது தெரியாதா? ஊரு மாட்டை எவனோ ஓட்டிக்கிட்டுப் போயிட்டான். இந்த ஆளு போயி மீட்டுக்கிட்டு வந்தான். மாடு ஊடு வந்து சேர்ந்துச்சு, இவன் வரலை. எங்க பாட்டன் காலத்துல இருந்து இந்தக் கல்லைச் சுத்தித்தான்யா மாடும் ஆடும் படுக்கும்."

கெம்பம்மா கல்லின் தலையைத் தடவிக்கொடுத்தாள். ஆட்டைத் தடவுகிற மாதிரிதான் தடவினாள்.

"மந்தைக்காகச் செத்த ஆளு இவன். இத்தினி நாளா மந்தையைக் கிட்ட அண்டவிடாம வெச்சிருந்தீங்க. முள்ளு வேற."

தீர்த்தகிரி கல்லைப் பார்த்தார். முள்ளைப் பார்த்தார். குனிந்து முள்ளை அள்ளி ஓரமாகப் போட்டார்.

"படலைக் கொண்டாங்க" என்றாள் கெம்பம்மா.

*

பொழுது இறங்குமுன் கல்லைச் சுற்றிப் படல் எழுந்தது. மந்தையை உள்ளே விட்டார்கள்.

ஆடுகள் ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை. நேராகக் கல்லிடம் போயின. ஒன்று முதுகைத் தேய்த்தது. ஒன்று உப்பு இருக்கிறதா என்று நக்கிப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் கல்லைச் சுற்றி இண்டு இடுக்கு இல்லாமல் படுத்துவிட்டன. அந்த மரியாதை கெட்ட கிழட்டுப் பெண்ணாடு வீரனின் காலடியிலேயே இடம் பிடித்துத் தலையைச் சாய்த்தது. சூரியன் விழுந்த வெளிச்சத்தில் பார்த்தால், வில்லோடு நின்றவன் ஆட்டுக்கு நடுவில் சௌக்கியமாக இருந்தான்.

தீர்த்தகிரி படலைப் பிடித்துக்கொண்டு நின்றார். சல்யூட் அடிக்கக் கை எழுந்தது. எழுந்த கை என்ன செய்வது என்று தெரியாமல் தாடையைச் சொறிந்தது.

அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் மறைக்கவில்லை.

"அம்மா."

"ம்."

"கல்லாத்துப்பட்டிக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?"

"உங்களுக்குத் தெரியாதா? சல்யூட் அடிச்ச பஸ்தானே."

"எதுத்தாப்புல வரும்னுதான் தெரியும். ஏறினது இல்லையே."

கெம்பம்மா சிரித்தாள்.

"விடிஞ்சதும் வரும். கை காட்டுங்க, நிப்பான். சல்யூட் இல்ல, கை."

*

கல்லாத்துப்பட்டியில் புளி உலுக்குகிற காலம். வாசலில் சாக்கை விரித்து, ஓர் அம்மாள் சின்ன மரச் சுத்தியால் புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். தலை பாதிக்குமேல் நரைத்திருந்தது. சுத்தி விழுகிற வேகத்தைப் பார்த்தால் வயசு தெரியவில்லை.

தீர்த்தகிரி வாசலில் நின்றார். பஸ்ஸில் வரும்போது ஆயிரம் யோசனை பண்ணி வைத்திருந்தார். எல்லாம் பறந்துவிட்டது. பழக்கம் மட்டும் மிச்சம் இருந்தது. குதிகாலைச் சேர்த்து, சல்யூட் அடித்துவிட்டார்.

அம்மாள் நிமிர்ந்து பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"சால்வையா? உள்ள கொடியில போட்டுட்டுப் போங்க."

"சால்வை இல்லைம்மா."

"மாலையா? மாலைன்னா ஆட்டுக்குப் போட்டுருங்க. அதுக்குப் பிடிக்கும்."

"மாலையும் இல்லைம்மா. நான் தீர்த்தகிரி."

சுத்தி நின்றது.

சாலம்மா அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பூட்ஸைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"கதைக்கார மிலிட்டரியா?"

"ஆமாம்மா."

"என்னாத்துக்கு அம்மாங்கறீங்க? நான் உங்களுக்குச் சின்னவ. உக்காருங்கண்ணா."

உட்கார்ந்தார். எங்கே உட்காருவது என்று இத்தனை வருஷம் கவலைப்பட்டவர், புளிக்கொட்டை மேல் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். முதுகு நிமிர்ந்தது.

"அந்தப் பனிமலை மேல..."

"முதுகுல ஒருத்தனைச் சுமந்துகிட்டு வந்தாரு. குண்டு பட்டுச்சு. 'தீர்த்தா, இவனைப் புடிச்சுக்கடா'ன்னாரு."

தீர்த்தகிரி வாயைப் பிளந்தார்.

"உங்க கதை எப்பவோ வந்து சேர்ந்துருச்சுண்ணா. கண்டக்டர் சொன்னாரு. மாட்டுத் தரகர் சொன்னாரு. கோழிக்கு ஊசி போட வந்த புள்ளைகூடச் சொல்லிட்டு அழுதுட்டுப் போச்சு. எங்க ஊட்டுக்காரரு எப்பிடிச் செத்தாருன்னு இந்த ஜில்லாவுல எனக்குச் சொல்லாத ஆளே இல்லை. நீங்கதான் வரலை."

கோபம் இல்லை குரலில். ஆனால் அவருக்கு நெஞ்சில் தைத்தது.

"மரியாதை..." என்றார்.

"அதான் வருசா வருசம் வருதே, மரியாதை. ஸ்கூல்ல கொடியேத்தற அன்னைக்கு முதல் நாற்காலி எனக்கு. எல்லாரும் எழுந்து நிப்பாங்க. நான் மட்டும் உக்காந்திருப்பேன். பக்கத்து நாற்காலியில எவளும் உக்கார மாட்டா. உக்காந்து ஒரு ஊர்க்கதை பேச மாட்டா. வீரனோட சம்சாரமாம்."

அவள் ஒரு புளியை எடுத்தாள். தட்டாமல் கையில் வைத்துக்கொண்டாள்.

"நான் அவரோட இருந்தது ரெண்டே லீவு. அண்ணா, கணக்குப் பார்த்தா அவர்கூட அதிகமாக் குடித்தனம் பண்ணது நீங்கதான். சாவுற கதை எனக்கு வேணாம். அது இருக்குது என்கிட்ட. வேற ஒண்ணு கேக்கறேன், சொல்லுவீங்களா?"

"கேளு தங்கச்சி."

அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"என்னைப் பத்தி அவரு எப்பவாச்சும் திட்டினாரா?"

இத்தனை ஊரில், இத்தனை வருஷத்தில், தீர்த்தகிரியிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. கதையில் இதற்கு இடமே இல்லை. அவர் கண்ணை மூடவில்லை. எதையும் கொண்டுவரப் பார்க்கவில்லை. கையிலிருந்த புளிக்கொட்டையை உருட்டிக்கொண்டு சும்மா இருந்தார்.

பனி அன்றைக்கு முழங்கால் ஆழம்தான். ரேஷன் ரொட்டி இறுகிப்போய்ப் பலகையாகக் கிடந்தது. பங்கருக்குள் எதிரே ஒருவன். குளிரில் மூக்கு சிவந்து, காதில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ரொட்டியைத் துப்பாக்கியின் பின்கட்டையில் தட்டிப் பார்க்கிறான். தட்டிவிட்டுச் சிரிக்கிறான்.

எல்லப்பன்தான். முழு முகமும்.

"ஐயோ" என்றார் தீர்த்தகிரி. "சிரிச்சா அவனுக்கு ஒரு கண்ணு மூடிக்கும்!"

"ஆமாண்ணா! இடது கண்ணு!"

"வலது கண்ணு."

"இடது. நான்தானே எதிர்ல உக்காந்து பார்த்தவ."

"நானும் எதிர்லதான் உக்காந்திருந்தேன்."

"சரி, ஏதோ ஒரு கண்ணு. திட்டினாரா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

"திட்டினான்" என்றார் தீர்த்தகிரி. கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, வாயெல்லாம் பல். "ரொட்டியைத் தட்டிப் பார்த்துட்டுச் சொன்னான். 'தீர்த்தா, இதெல்லாம் ஒரு கெட்டியாடா? என் பொஞ்சாதி கல்யாணமாகி முதமுதல்ல ஒரு களி கிண்டினா பாரு. அதை எடுத்து எறிஞ்சா எதிரி ஓடிப்போயிருவான். ஒரே கட்டி, ஒரே கட்டி'ன்னான்."

சாலம்மா எழுந்தேவிட்டாள். மடியிலிருந்த புளியெல்லாம் சிதறியது. முகம் சிவந்துவிட்டது. இருபது வயசுப் பெண்ணுக்கு வருகிற கோபம்.

"கட்டியா? அப்பிடியா சொன்னாரு, ஊரு பேரு தெரியாத இடத்துல போயி? உருண்டை உருண்டையா முழுங்கினது யாராம்? எங்க அத்தை பங்கையும் சேர்த்துத் தின்னது யாராம்? களி கிண்டறவ பின்னால வந்து நின்னுக்கிட்டு இடுப்பைக் கிள்ளினா, கட்டி தட்டாம என்னா பண்ணும்? அதைச் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டாரே! கேளுங்கண்ணா, அவரையே கேளுங்க!"

தீர்த்தகிரி பக்கத்தில் திரும்பினார்.

"ஏண்டா எல்லப்பா?" என்று கேட்டார்.